தவளைக் கணக்கு

வயல் தவளைக்குப் பூச்சிகளே பெரும்பாலும் உணவு. ஆதலின் அது கூலி கேளாத பயிர்க்காவலாகும். அயல்நாட்டு உணவுக்காகத் தவளைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டு வந்ததால், 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. தடைக்குப் பின் நம் வயல்களில் அவை பெருகினவா, குறைந்தனவா? கணக்கெடுத்தே இதனை அறிதல் வேண்டும்.

கணக்கெடுப்புக்கு ஏற்றது மழைக்காலம். வறட்சியில் பல இனங்கள் மண்ணுள் மறைந்து கிடக்கும். நீர் தேங்கியதும் வெளிவரும். அப்போது ஆண் தவளைகள் இணையை அழைத்துக் கத்தும். இனத்துக்கு இனம் குரல் வேறுபடுவதால், கண்ணில் படாதவற்றையும் காதால் அறியலாம்.

முறை வருமாறு:

1. அளந்து குறித்த ஒரு வரப்பில், இருட்டியபின் கைவிளக்குடன் மெதுவாக நடத்தல் வேண்டும்.

2. கண்டவற்றையும் குரல் கேட்டவற்றையும் தனித்தனியே எழுதி, நாள், மணி, மழை ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

3. தவளையைத் தொடலாகாது. நம் கையிலுள்ள மருந்து அதன் தோல் வழியே உட்செல்லும்.

4. இரை தேடிப் பாம்பும் வரும். காலணியின்றிச் செல்லலாகாது, பாம்பைக் கண்டால் விலகி நின்று, அதனையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஓராண்டு மழையிரவிலும் மறு ஆண்டு வறண்ட இரவிலும் எண்ணினால், தவளை குறையாமலே கணக்குக் குறையும். ஆகவே இடம், பருவம், நேரம் மூன்றும் மாறாதிருத்தல் வேண்டும். அவ்வாறு ஆண்டுதோறும் எழுதிய ஏட்டைப் புரட்டிப் பார்த்த பின்னரே பூச்சிமருந்தை நாம் கையில் எடுப்போமாக.