காங்கேசன்துறைத் தொகுதி: ஒரு குடியியற் பாடம்

"நமது தொகுதியின் பிரதிநிதி யாவர்?" என்று முன்னாளில் ஆசிரியர் வினவினால், மாணவர் ஒருவர் பெயரையே விடையாகக் கூறுவர். இன்று அவ்வினாவுக்கு ஒரு பெயரால் விடை பகர்தல் இயலாது. இம்மாற்றம் நேர்ந்தவாற்றைக் காங்கேசன்துறைத் தொகுதியின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

டொனமூர் அரசியற்றிட்டம் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. 1931ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்கு முதற் றேர்தல் வந்தது. முழுச் சுயராச்சியம் அளியாத திட்டம் இதுவெனக் கருதிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை வேண்டியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுத்திலர். ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அக்காலத்தும் சபை கூடிற்று, சட்டங்கள் நிறைவேறின. 1934ஆம் ஆண்டு உபதேர்தலிலேயே பரமேசுவராக் கல்லூரி அதிபர் சு. நடேசபிள்ளை அவர்கள் இத்தொகுதியின் பிரதிநிதியாயினர். 1936இலும் அவரே தெரிவானார்.

1947ஆம் ஆண்டில் முதலாவது பாராளுமன்றத்துக்குச் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் தெரிவாயினர். 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவரும் இவரே. ஆயினும், 1952இல் இவர் தோல்வியுற, நடேசபிள்ளை அவர்கள் மீண்டும் வெற்றி பெற்றனர். 1956இல் மக்கள் தம் தீர்ப்பை மாற்றிச் செல்வநாயகத்தையே அனுப்பினர். சைவர் மிகுந்த இத்தொகுதி, கிறித்தவராகிய அவரைப் பலமுறை தெரிந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதை உபதேர்தலால் அறியலாமெனக் கூறி, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் பதவி துறந்தார். அரசாங்கமோ உபதேர்தலை ஈராண்டுக்கு மேல் நடத்தவில்லை. 1975 பெப்ரவரியில் அது நடந்தபோது 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் அவர் வென்றார். 1977 ஏப்ரிலில் அவர் மறைய, அவ்வாண்டு யூலைத் தேர்தலில் அ. அமிர்தலிங்கம் அவர்கள் இத்தொகுதிக்குத் தெரிவாகி எதிர்க்கட்சித் தலைவருமாயினர். 1983இல் நிறைவேறிய ஆறாவது திருத்தம், பிரிவினையை மறுத்து உறுப்பினர் சத்தியஞ் செய்தல் வேண்டுமென விதித்தது. அதனைச் செய்யாது அவர் அவைக்குச் செல்லாதிருந்தமையால் ஆசனம் மீண்டும் வெறுமையாயிற்று.

1989ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தல் விகிதாசார முறையில் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி நிருவாக மாவட்டங்கள் இரண்டும் ஒரே தேர்தல் மாவட்டமாயின. காங்கேசன்துறை அதனுள் ஒரு பிரிவாயிற்று. சிறு கட்சியும் இம்முறையில் ஆசனம் பெறுதல் கூடும்; அது நன்மை. ஆனால், "இவர் எம்மூர்க்குப் பொறுப்புடையவர்" என ஒருவரைச் சுட்டுதல் அரிது; அது குறை.

மற்றொன்றும் அறிதற்பாலது. ஒரு தேர்தல் மாவட்டத்தின் ஆசனத்தொகை, இடாப்பிற் பதிந்த வாக்காளர் தொகையைப் பொறுத்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 1989இல் 11 உறுப்பினரை அனுப்பியது. 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 என அது குறைந்து வந்தது. இடப்பெயர்வும் கடல் கடந்த குடியேற்றமும் நம் ஊர்களை வெறுமையாக்கியதை இவ்வெண்கள் காட்டும்.

ஆகவே, இத்தொகுதியின் ஆசனம் முன்னர் மூவகையால் வெறுமையாயிற்று: மக்கள் மறுத்தமையால் ஒருமுறை, உறுப்பினர் துறந்தமையால் ஒருமுறை, சட்டத்தின் விதியால் ஒருமுறை. அவை மூன்றும் ஊரறிய நிகழ்ந்தவை. இன்று நிகழும் குறைவோ ஓசையின்றி நிகழ்வது. 18 வயது நிரம்பியும் இடாப்பிற் பெயர் பதியாத மாணவன், தன்னையறியாமலே அதற்குத் துணையாகின்றான். போனவரை மீட்டல் நம்மால் எளிதன்று. இருப்பவர் தம் பெயர் இடாப்பில் உளதா எனப் பார்த்தல் எளிது. ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் படிவங் கொணரும்போது, வீட்டிலுள்ள இளைஞர் பெயரை எழுதுவித்தல் பெரியோர் கடன். அதனைக் கேட்டுப் பெறுதல் இளைஞர் கடன்.

வகுப்பறையில் யாம் கற்பிக்கும் குடியியல் அப்படிவத்திலேயே தொடங்குகின்றது.