கேட் திறந்திருந்தாலும்

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

ரயில்வே கேட் பாதுகாப்புப் பாடத்தைக் கைபேசியிலேயே முடித்து, சான்றிதழைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். சந்தோஷம். அடுத்த வாரம் தி.நகரிலிருந்து சிதம்பரத்துக்கு வேன் எடுக்கிறாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீ மயிலாப்பூர்ப் பிள்ளை. உனக்கு ரயில் என்றால் தலைக்கு மேலே ஓடுவது. பறக்கும் ரயில் 1997இல் திருமயிலை வரை வந்துவிட்டது. மாம்பலம் பக்கம் போனால் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை. கோடம்பாக்கத்தில் பாலம் வருவதற்கு முன்னால் கேட்டில் வண்டிகள் காத்துக் கிடந்ததை என் அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். இங்கேயே லைசென்ஸ் வாங்கி இங்கேயே ஓட்டுகிறவன், தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏற்றாமலே பல வருடம் ஓட்டிவிடலாம். அவன் முதல் கேட்டைப் பார்க்கும் நாளில் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இப்படி ஒரு பாடம் கைக்குள் கிடைப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நீ போகும் வழியில்தான் கடலூர். அதை அடுத்த செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். ரயில் வரும் நேரத்தில் கேட் மூடப்பட்டிருக்கவில்லை. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இன்டர்லாக்கிங் இருந்தால் கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் எல்லாம் போன் பேச்சில்தான் நடக்கிறது: ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், கேட் கீப்பர் மூடிவிட்டுப் பதிலுக்கு ஒரு ரகசிய எண் சொல்வார். நடுவில் ஒரு மனிதர் தவறினால் தடுக்க வேறொன்றும் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு கேட்டுகளில் கேமரா வைக்கவும், இன்டர்லாக்கிங்கை இன்னும் பல கேட்டுகளுக்குக் கொண்டுபோகவும் ரயில்வே உத்தரவிட்டது. செய்யட்டும். செய்து முடிக்கும்வரை நீ என்ன செய்வாய்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 131ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை அழைத்துப்போக வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். ஆகவே இந்தப் பிரிவு இனி நமக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கேட்டில் ஆள் இருந்தாலும், கேட் திறந்தே இருந்தாலும், நின்று, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேள். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து டிரைவர்கள் தண்டவாளத்துக்கு முன் நிறுத்தி, கதவைத் திறந்து கேட்டுவிட்டுத்தான் கடக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். உன்னைப் பார்த்துவிட்டாலும் லோகோ பைலட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, என் தப்பு. ஒருமுறை டெல்டா பக்கம் கோயிலுக்குப் போகும்போது, கேட் திறந்ததும் முன்னால் போன பஸ்ஸின் வாலைப் பிடித்தே ஏறிவிட்டேன். அந்தப் பக்கம் மாட்டு வண்டி குறுக்கே வர, பஸ் நின்றது. நானும் நின்றேன். என் பின்சக்கரம் தண்டவாளத்தில். கிளீனர் பையன் வண்டியின் பக்கவாட்டைத் தட்டித் தட்டிக் கத்திய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ரயில் வரவில்லை, அவ்வளவுதான். 1995 அக்டோபரில் அமெரிக்காவில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில் வந்துவிட்டது. சிவப்பு விளக்குக்காக நின்ற பள்ளிப் பேருந்தின் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். வண்டி முழுசாக நிற்க அந்தப் பக்கம் இடம் காலியானால் மட்டும் ஏறு. பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி. ஏறுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, நடுவில் மாற்றாதே.

வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் சாவியைத் திருகிக்கொண்டிருக்காதே. முதலில் எல்லோரையும் இறக்கித் தூரமாக அனுப்பு, பிறகு கேட் கீப்பரிடம் ஓடு. வண்டி போனால் போகட்டும். முதலாளியிடம் நான் பேசுகிறேன்.

உன்னோடு வரும் கிளீனர் பையனுக்கும் அந்தப் பாடத்தை அனுப்பி, பார்க்கச் சொல். பின்சக்கரம் எங்கே நிற்கிறதென்று உன்னைவிட அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்