கட்டடம் காவு கேட்குமா? கட்டுமானப் பாதுகாப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலமோ பெரிய கட்டடமோ எழும்பினால் ஓர் உயிரையாவது காவு வாங்கும் என்பது தென் மாவட்டங்களில் இன்னும் வழக்கொழியாத நம்பிக்கை. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் பக்கம் பாதி எழும்பிய வீடுகளில் திருஷ்டி பொம்மை தொங்குவதும் இந்த அச்சத்தோடு சேர்ந்ததே. பொம்மையால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் சாரத்தின் கட்டை அது இறுக்காது. விபத்தை விதியின் கணக்கில் எழுதிவிட்டால், அதற்கு முன்பு எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் இந்த நம்பிக்கையின் உண்மையான தீங்கு.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, மழையின் நடுவே, கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்ககம் ஒன்று சரிந்தது. 61 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஆந்திரம், ஒடிசா மாநிலங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். மின்னல் தாக்கியதே காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. நீதிபதி ஆர். ரெகுபதி ஆணையம் விசாரித்தபோது வடிவமைப்பிலேயே இருந்த குறைகள் வெளிவந்தன. அதே வளாகத்தில் நின்ற இன்னொரு அடுக்ககம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2014-இல் இடிபாட்டில் சிக்கியவர்களின் உயிர், சாரம் கட்டுவதற்கும் வெகு முன்பே, வரைபடம் போட்ட மேசையில் தீர்மானமாகிவிட்டிருந்தது.

ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு மவுலிவாக்கமே பதில். பாதுகாப்பியலில் தற்காப்புக் கருவிகளுக்குக் கடைசி இடம். ஆபத்தையே நீக்க முடியுமா, குறைந்த ஆபத்துள்ள வேறு முறை உண்டா, தடுப்போ வலையோ அமைக்கலாமா, வேலை முறையை மாற்றலாமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் தலைக்கவசத்தின் முறை வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டபோது கீழே விரித்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. 1937 பிப்ரவரி 17 அன்று சாரமே பெயர்ந்து விழுந்ததில் வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். வலை இருந்தாலும் சாரம் உறுதியாக இருந்தாக வேண்டும்.

“பழகின கொத்தனார் விழமாட்டார், விழுந்தால் கவனக்குறைவு” என்பது மேஸ்திரி முதல் முதலாளி வரை ஒப்புக்கொள்ளும் கூற்று. 10 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ முக்கால் வினாடியில் தரையில் மோதுகிறார். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அனுபவம் கைகொடுக்க அங்கே நேரமில்லை. தொழிலாளியே காரணம் என்ற கருத்துக்கு 1931-இல் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஹைன்ரிச் எழுதிய நூல் வலுச் சேர்த்தது; நூற்றுக்கு 88 விபத்துகள் மனிதரின் தவறான செயலால் நேர்வதாக அவர் கணக்கிட்டார். அவர் பார்த்தவை காப்பீட்டுக் கோரிக்கைகளும் நிறுவனங்களின் விபத்துப் பதிவுகளும். பதிவு எழுதுபவர் மேற்பார்வையாளராக இருந்தால் பழி யார்மேல் விழும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. பலகை ஏன் ஆடியது, கைப்பிடிக் கம்பி ஏன் இல்லை, கான்கிரீட்டை இன்றே முடிக்கச் சொன்னது யார் என்பவையே பயன்தரும் கேள்விகள்.

வாசலில் “விபத்தில்லாத நாட்கள்” பலகை வைத்தால் நிறுவனம் பாதுகாப்பானது என்பது சற்றுப் படித்தவர்களின் மூடநம்பிக்கை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தனர். ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்பு விபத்து இல்லை என்று பாராட்ட வந்த அதிகாரிகள் அன்று அந்த மேடையிலேயே இருந்தார்கள். நாள் கணக்குக்குப் பரிசு கொடுத்தால் காயங்கள் மறைக்கப்படும். அன்றாடக் கூலிக்கு வரும் சித்தாள் காலில் ஆணி ஏறினால் துணியைச் சுற்றிக்கொண்டு செங்கல் சுமப்பார். “தப்பிச்சோம்” என்று சொல்லிக் கலையும் சம்பவங்களைக் கூலி இழக்காமல் சொல்ல முடிகிறதா என்பதே நம்பகமான அளவுகோல். “இந்தப் பலகையில் ஏறமாட்டேன்” என்று சொன்னவருக்கு மறுநாளும் வேலை கிடைத்தால் அங்கே பாதுகாப்புப் பண்பாடு உண்டு.

“அவர் எங்கள் ஆள் இல்லை, சப்-காண்ட்ராக்டரின் ஆள்” என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது. ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கும் இழப்பீடு தரும் பொறுப்பை 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே முதன்மை முதலாளியின் மேல் வைத்திருந்தது.

சின்ன வேலையில் ஆபத்தும் சின்னது என்ற எண்ணம்தான் ஊர்ப்புறங்களில் அதிகம். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறி. சரிந்து விழும் ஒரு கனமீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமோ 10 பேருக்குக் குறைவான பணியிடங்களையும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலைகளையும் விட்டுவிட்டிருந்தது. மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் எழும்பும் வீடுகள் பலவும் இந்த வகையே. இங்கே ஆய்வாளர் வரமாட்டார். ஆகவே வீடு கட்டக் கொடுப்பவர் சதுர அடி விலை பேசும்போதே சாரம், பள்ளத்து முட்டு, மின்கசிவுத் தடுப்பான் ஆகியவற்றின் செலவையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.