டெர்மினல் பெருசாச்சு, ரன்வே?

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குச் சமீபத்தில் போயிருந்தால் புது டெர்மினலைப் பார்த்திருப்பீங்க. 2023 ஏப்ரல் 8 அன்று திறந்தது, 1,260 கோடி ரூபாய் செலவு. உள்ளே கோலம், கோயில் கோபுரம் எல்லாம் டிசைனில் இருக்கும். செல்ஃபிக்கு நல்ல இடம். ஆனால் டெர்மினல் பெரிதானதால் மட்டும் விமானங்கள் கூடிவிடாது. மால் உள்ளே எத்தனை மாடி பார்க்கிங் கட்டினாலும் கேட் ஒன்றுதான் என்றால் கியூ ரோட்டில்தானே நிற்கும்? ஏர்போர்ட்டுக்கு அந்த கேட், ரன்வே.

சென்னையில் ரன்வே இரண்டு: 07/25, 12/30. இந்த நம்பர்களைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியில் அந்த ரன்வேயின் கோணம் வரும். 07 என்றால் சுமார் 70 டிகிரி, 12 என்றால் சுமார் 120. வித்தியாசம் 50 டிகிரி. அதாவது இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதில் இருப்பது காத்திருக்க வேண்டும். ரன்வே இரண்டு, ஆனால் பலன் இரண்டு மடங்கு இல்லை. மும்பைக்கும் இதே தலைவலிதான்.

இணையான ரன்வேக்கள் என்றால் கதையே வேறு. நடுவே 1,035 மீட்டர் இடைவெளி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று பார்க்காமல், தரையிறக்கலாம் என்பது சர்வதேச விதி. மீனம்பாக்கத்தில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடு, ரயில் பாதை, திரிசூலம் மலை. மறுபக்கம் அடையாறு. இரண்டாவது ரன்வேயே ஆற்றின் மேல் பாலம் போட்டுத்தான் நீண்டது. 2015 டிசம்பரில் ஆறு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்: ஏர்போர்ட்டை மூடி, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள்.

ஊருக்குள் மாட்டிக்கொண்ட ஏர்போர்ட்டை வெளியே மாற்றுவது புதுசில்லை. சீனாவில் குவாங்சோ 2004-லும், இங்கே பெங்களூரு 2008-லும் மாற்றின. நமக்கு 2022 ஆகஸ்டில் அறிவித்த பரந்தூர்: 5,000 ஏக்கருக்கு மேல், இரண்டு இணை ரன்வே, முழுதாக முடிந்தால் வருடத்துக்கு 10 கோடி பயணிகள்.

ரன்வே கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. இடத்தில்தான் இருக்கு. அந்த நிலத்தில் ஏரிகளும் நெல் வயல்களும் இருக்கு. ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்தே எதிர்த்துப் போராடுகிறார்கள். வீடும் வயலும் போகுதே என்பது அவர்கள் கேள்வி. சிவில் படிக்கிற நமக்கு இன்னொன்றும் இருக்கு: ஏரி பிடித்து வைத்த மழைநீர், கான்கிரீட் போட்ட பிறகு எந்தப் பக்கம் ஓடும்? அரசே இதற்கு ஒரு நிபுணர் குழு போட்டது.

லேப்டாப்பில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து பாருங்க. முதலில் மீனம்பாக்கம்: வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், பக்கத்திலேயே அடையாறு. அப்புறம் மேற்கே நகர்ந்து ஏகனாபுரம். அங்கே நீலமாகத் தெரிவதை எண்ணிப் பாருங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.