சின்னம் சிதையாமல் பதாகை எழுதுவோம்

திருவிழாவோ, பள்ளி விளையாட்டுப் போட்டியோ, கூட்டுறவுச் சங்கக் கூட்டமோ எதுவாயினும் இன்று பதாகையின்றி நடைபெறுவது அரிது. தாப்பா வட்டாரத் தோட்டங்களில் உள்ள நம் பிள்ளைகளும் கணினியின் துணைகொண்டு இவற்றை வடிவமைக்க இயலும். ஆயினும், கணினித் திரையில் அழகாகத் தோன்றிய சின்னம் பதாகையில் ஓரம் பிசிறி மங்குவதும், தமிழ் எழுத்துகள் உருக்குலைவதும் உண்டு. பலரிடம் திரட்டிய பணம் அதனால் வீணாகிறது. இதற்குக் காரணம் யாது? தவிர்ப்பது எங்ஙனம்? இப்பாடத்தில் காண்போம்.

கணினிப் படங்கள் இரு வகைப்படும். கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகப் பதிந்து வைப்பது வெக்டர் ஓவியம். 1987-இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டர், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் ஆகிய மென்பொருள்கள் இவ்வகை ஓவியத்தை வரைவன. இதனை எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாது. மற்றொன்று புள்ளிப்படம். நாம் எடுக்கும் புகைப்படங்கள் இவ்வகையின. 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், இலவசமான கிம்ப் ஆகியவை இவற்றைத் திருத்த உதவுகின்றன.

பால்மரத் தொழிலறிந்த நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மரத்துப் பாலை எவ்வடிவ அச்சிலும் ஊற்றலாம். பார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்துத் தகடாக்கிய பின்னர் அது மீண்டும் பாலாகாது. வெக்டர் ஓவியம் பால், புள்ளிப்படம் தகடு. ஆதலின், உறையவைக்குமுன் அளவை முடிவு செய்தல் வேண்டும்.

முதலாவது, அளவு. ஆறடி அகலமும் மூன்றடி உயரமும் உடைய பதாகைக்கு அங்குலத்திற்கு 100 புள்ளிகள் எனக் கொண்டால், 7,200-க்கு 3,600 புள்ளிகள் தேவை. அதில் மூன்றடி அகலத்திற்குச் சின்னம் வரவேண்டுமாயின், அதன் அகலம் 3,600 புள்ளிகள். கிம்ப் மென்பொருளில் எஸ்.வி.ஜி. கோப்பைத் திறக்கும்போதே அகலமும் உயரமும் கேட்கப்படும். அங்கேயே இவ்வெண்ணைக் கொடுத்துவிடுக. 1,200 புள்ளிகளில் கொண்டுவந்து பின்னர் மும்மடங்காக இழுத்தால், அங்குலத்திற்கு 33 புள்ளிகளே எஞ்சும், ஓரங்கள் படிக்கட்டாகும்.

இரண்டாவது, மாற்றத்திற்கு இடம் வைத்தல். ஃபோட்டோஷாப்பில் 'பிளேஸ்' என்னும் கட்டளையால் ஓவியத்தைச் சேர்த்தால், அது 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' ஆக அமையும். மூல ஓவியம் உள்ளேயே இருப்பதால், பின்னர் பெரிதாக்கினாலும் தெளிவு குன்றாது. 'ராஸ்டரைஸ்' என்னும் கட்டளையைக் கொடுத்தாலோ, பால் உறைந்துவிடும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. நாம் பயன்படுத்திய எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லையெனில், வேறு எழுத்துரு புகுந்து வரி நிலைகுலையும். தமிழுக்கு ஏற்ற அமைப்பில்லாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ' என்பது பிழையாகத் தோன்றும். ஆதலின், பிழை திருத்தி முடித்தபின், இங்க்ஸ்கேப்பில் 'பாத்' பட்டியலிலுள்ள 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளையால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றுக. பின்னர் அவற்றைத் தட்டச்சால் திருத்த இயலாது. எனவே, மாற்றாத படி ஒன்றையும் பாதுகாத்து வைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, பின்னணி. சின்னத்தைத் தனிப்படமாகச் சேமிக்கையில் பி.என்.ஜி. வகையைத் தெரிவு செய்க. ஜேபெக் வகை ஒளிபுகும் பின்னணியை ஏற்காது. சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தோன்றும்.

பள்ளியோ கோயிலோ சங்கமோ, ஒவ்வொன்றும் தன் சின்னத்தின் மூல வெக்டர் கோப்பைச் செயலாளரிடமும் வேறோர் இடத்திலுமாக இருபடிகள் வைத்திருத்தல் நன்று. பொறுப்பாளர் மாறினாலும் சின்னம் மாறாது நிற்கும். அடுத்த ஆண்டுப் பதாகைக்கு மீண்டும் வரையும் செலவும் நேராது.