எட்டடி அறைக்கு எந்த டிவி?

பங்காருபேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மாவோடு சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் இருக்கிறார். பழைய டிவி போய்விட்டது. 32 இஞ்ச் எச்டி ரெடி டிவி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. கூட வேலை செய்பவர்களோ, இந்தக் காலத்தில் யாராவது எச்டி ரெடி வாங்குவார்களா, கொஞ்சம் பொறுத்து 43 இஞ்ச்சில் 4கே வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா, பொறுக்கட்டுமா?”

தம்பி, அடுத்த முறை மாரிகுப்பம் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். டிவி மாட்டப்போகும் சுவருக்கும் அப்பா உட்காரும் நாற்காலிக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்த டேப்பில் இருக்கிறது.

எச்டி ரெடி திரையில் அகலவாட்டில் 1366, உயரவாட்டில் 768 என்று சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி என்றால் ஏறக்குறைய இருபத்தொரு லட்சம், 4கே என்றால் எண்பத்து மூன்று லட்சம். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பது கண். குறையில்லாத கண்ணால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் கணக்கைப் போட்டால், 32 இஞ்ச் எச்டி ரெடியில் புள்ளிகள் தெரிய ஆறடிக்குள் உட்கார வேண்டும். 43 இஞ்ச் ஃபுல் எச்டிக்கு ஐந்தரை அடி. 43 இஞ்ச் 4கேயின் முழுத் துல்லியம் தெரிய மூன்றடிகூடக் கிடையாது, திரையில் மூக்கு இடிக்கும்! 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது வேலையில் இருந்தவர் என்றால் அப்பாவுக்கு இப்போது அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அந்த வயசுக் கண்ணுக்கு இந்தக் கணக்கில் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

மீதிப் பாதி, கம்பியில் என்ன வருகிறது என்பது. கேபிளில் வரும் சாதாரண எஸ்டி சேனலின் படம் 720க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் பெரும்பாலும் அதே கதை. இதை 4கே திரையில் போட்டால் ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். அம்மா பார்க்கும் பழைய பாட்டுச் சேனல் 32 இஞ்ச்சில் பளிச்சென்று இருக்கும், 43 இஞ்ச்சில் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல வழியும். புது டிவி வாங்கிய வீடுகளில் “பழைய டிவியே நல்லா இருந்துச்சு” என்று பெரியவர்கள் முணுமுணுப்பது இதனால்தான். அவர்களைக் கேலி செய்யாதீர்கள், அவர்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது.

ஓடிடி பார்ப்போம் என்பீர்கள். நெட்ஃப்ளிக்ஸில் 4கே படம் வருவது இருப்பதிலேயே விலை கூடிய திட்டத்தில் மட்டும். அதற்கு 15 எம்பிபிஎஸ் இணைப்பு வேண்டும், மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். வீட்டில் ஃபைபர் இல்லாமல் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், ஒரு நாளுக்கான 2 ஜிபி டேட்டா இருபது நிமிஷம்கூடத் தாங்காது.

பொறுத்தால் விலை இறங்குமா? ஒரு தடவை இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 32 இஞ்ச்சுக்கு 2019இலிருந்தே 18தான். அதனால் நீங்கள் கேட்கும் டிவிக்கு வரிக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. ஆயுதபூஜையோ தீபாவளியோ மூன்று நான்கு வாரத்தில் வருகிறது என்றால் பொறுங்கள். ஆறு மாசம் என்றால் வேண்டாம். வீட்டில் டிவி இல்லாமல் இரண்டு பெரியவர்கள் சாயங்காலத்தைத் தள்ளுவதற்கும் ஒரு விலை உண்டு, அதை யாரும் பில்லில் போடுவதில்லை.

ஆனால் 43 இஞ்ச் வாங்குகிறவர் எச்டி ரெடியைத் தொடவே வேண்டாம், கிட்டத்தட்ட எட்டடி வரை புள்ளி தெரியும். அந்த அளவில் கையில் பணம் பத்தாவிட்டால் பொறுத்திருந்து 4கேயே வாங்கலாம். புள்ளிக்காக அல்ல, நல்ல பேனலையும் வெளிச்சத்தையும் கம்பெனிக்காரர்கள் இப்போது அதில்தான் வைக்கிறார்கள்.

கடையில் ஒரு விஷயத்தில் உஷார். “4கே சப்போர்ட்” என்று பெட்டியில் பெரிசாகப் போட்டிருப்பார்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் பல நேரம் அதற்கு அர்த்தம். பேனல் ரெசல்யூஷன் எவ்வளவு என்று கேளுங்கள். 1366 × 768 என்று பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். ஸ்மார்ட் டிவி என்றால், கடையிலேயே உங்கள் கணக்கில் ஓடிடி ஆப்பைத் திறந்து ஒரு படம் ஓட்டிப் பாருங்கள். உரிய சான்று வாங்காத மலிவு டிவிகளில் ஆப் திறக்கும், ஆனால் படம் எஸ்டிக்கு மேல் ஏறாது.

இன்னொன்று, புள்ளிகளைவிட எனக்கு இதுதான் முக்கியம். நம் வீடுகளில் டிவியை உயரத்தில் மாட்டிவிட்டு, பாதிப் பேர் கீழே பாயில் பக்கவாட்டில் உட்காருகிறோம். அதனால் கடையில் கூச்சப்படாமல் குனிந்தும் ஓரமாக நின்றும் பாருங்கள். நிறம் வெளுத்தால் அந்த டிவி வேண்டாம்.

பெங்களூரில் வாங்கிப் பாசஞ்சர் வண்டியில் தூக்கி வரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் பேனல் போச்சு, உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. ராபர்ட்சன்பேட்டையிலோ பங்காருபேட்டையிலோ வாங்கி, கடைக்காரரே கொண்டுவந்து மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

டேப்பில் ஆறிலிருந்து எட்டடி வந்தால் அந்த 32 இஞ்ச் எச்டி ரெடியை இந்த வாரமே வாங்கலாம். ஆறடிக்குள் வந்தால் அதே 32இல் ஃபுல் எச்டி தேடுங்கள், குறைவாக இருந்தாலும் கிடைக்கும். எட்டுக்கு மேல் வந்தால் 32 சின்னதாகத் தெரியும், அப்போது மட்டும் உங்கள் சிநேகிதர்கள் சொல்வதைக் கேளுங்கள்.