சிட்டை நின்றுபோனால்?

மளிகைக் கடைக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? கடனுக்குச் சரக்குக் கொடுத்தவுடன் சிட்டையில் ஒரு வரி எழுதிக்கொள்வார். கூட்டம் ஓய்ந்த பிறகே அதைப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு மழையில் நனைந்து போனாலும், அதன் பழைய நகல் ஒன்றும் பிந்திய சிட்டைகளும் இருந்தால் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். நடுவில் ஒரு சிட்டை தொலைந்திருந்தால் அதோடு சரி!

கணிப்பொறியில் உள்ள தரவுத்தளமும் இப்படித்தான். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றங்கள் எல்லாம் முதலில் பதிவுக் கோப்பில் எழுதப்படுகின்றன. ஒரு கோப்பின் வழக்கமான அளவு 16 மெகாபைட். அது நிரம்பியதும், வேறிடத்தில் நகல் எடுத்து வைக்க ஒரு கட்டளை இயங்கும். நகல் முடிந்தால் கட்டளை 0 என்ற எண்ணைத் தரவேண்டும். வேறு எண் வந்தால் பழைய கோப்பு அழிக்கப்படாமல் காத்திருக்கும். முயற்சி மீண்டும் மீண்டும் நடக்கும்.

நகல் நின்றுபோனாலும் தரவுத்தளம் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும். அதுதான் ஆபத்து. நிமிடத்துக்கு ஒரு கோப்பு, வட்டில் காலியிடம் 20 கிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 × 1024 ÷ 16 = 1280 நிமிடங்கள். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நகல் நின்றால், ஞாயிறு பிற்பகல் 3.20க்கு வட்டு நிரம்பித் தரவுத்தளமே நின்றுவிடும். ஞாயிறன்று அங்கே யார் இருப்பார்கள்?

காத்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் 'ரெடி' என்று முடியும் ஓர் அடையாளக் கோப்பு உண்டு. நகல் முடிந்ததும் அது 'டன்' என்று மாறும். 'ரெடி' ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. கூடிக்கொண்டே போனால் கோளாறு. கடைசியாக நகல் வெற்றி பெற்ற நேரத்தையும் பார்க்கவேண்டும். ஆனால் நகலே எடுக்காமல் 0 என்று சொல்லிவிடும் கட்டளையை இவை காட்டிக்கொடுக்கா. நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். துணைத் தரவுத்தளம் பின்தங்கியது. அதற்குத் தேவையான பதிவுக் கோப்புகள் முதன்மைக் கணிப்பொறியில் அழிந்துவிட்டன. வேறிடத்தில் சேமிக்கும் ஏற்பாடும் இல்லை. அதைச் சரிசெய்யும்போது, பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுகளையே அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடினால் அதுவும் இல்லை! நகலெடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6. அதனால் நகல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக எடுத்த நகல் ஒன்று கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் திரும்பவில்லை.